பச்சைக்கு மூன்று மார்க்

எஸ்டேட் ஸ்டோர்,
போடிமெட்டுக்கு மேலே
4.8.2025

மாப்ளே முத்துக்கண்ணனுக்கு,

அருள்பாண்டி எழுதுறேன். உன் அக்கா கற்பகம் சுகம். பத்தொன்பது மாசமா உனக்கு ஒரு வரி எழுதலை. எழுதுற எண்ணமும் இல்லை. நீதான் எழுத வச்சுட்டே.

'ஒளித்தட்டு' ஜூலை இதழை ஜீப் டிரைவர் பால்சாமி நேத்துதான் கொண்டாந்து கொடுத்தான். நம்ம மலையில நாப்பது வருசத்துக்கு முன்னால எடுத்த படத்தைச் சுத்தம் பண்ணி இப்போ டிஸ்க்கா விட்டிருக்காங்களே, அதுக்கு நீ எழுதின விமர்சனத்தைப் படிச்சேன். ஒலிக்கு எட்டு மார்க். படத்துக்கு மூணு. அது போதாதுன்னு கீழே ஒரு வாக்கியம் வேற: "ஏலத்தோட்டம் வைக்கோல் படப்பு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. இதற்கு நிறம் பார்த்த ஆள் பிறந்ததிலிருந்து ஓர் ஏலச்செடியைக் கண்டதில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருவேன்."

கையெழுத்தைப் போடு. அந்த ஆள் உன் மருமகள், என் மகள் காளீஸ்வரி.

ஏலச்செடி நடுவுல தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை அவ. சென்னைக் கம்பெனியில ஒரு வருசமா பழைய பிலிமோட கீறலையும் தூசியையும் கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. முழுப் படத்துக்கும் நிறம் பாருன்னு அவகிட்டக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. இப்போ உன் பக்கத்தை நகல் எடுத்து அவ மேசையில போட்டு விளக்கம் கேட்டிருக்காங்க. அடுத்த படம் அவளுக்கா, வேற ஆளுக்கான்னு செப்டம்பர் பத்தாம் தேதி முடிவு பண்ணுவாங்களாம். நானும் உன் அக்காவும் மெட்டு வரைக்கும் நடந்து போய், சிக்னல் கிடைக்கிற இடத்துல நின்னு அவகிட்டப் பேசினோம்.

பொய் எழுதுன்னு நான் கேக்கலை. இன்னொரு தடவை ஒழுங்கா உக்காந்து பாருன்னுதான் கேக்குறேன். மெட்டுல நின்னு உனக்கும் போன் போட்டிருக்கலாம். போட்டா கத்துவேன். கத்தினா இன்னொரு பத்தொன்பது மாசம் ஆகும். அதான் காகிதம். டிஸ்க்குப் பெட்டிக்குள்ள வச்சு பால்சாமிகிட்டக் கொடுத்து விடுறேன், பழைய வழக்கம் மாதிரியே.

அருள்பாண்டி

*

போடிநாயக்கனூர்
9.8.2025

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஏலக்காய்க் கிட்டங்கியில், வேலை நேரத்தில் வந்து சேர்ந்தது. நாலு மூட்டை காய்க்குக் கலர் பார்க்க வேண்டியிருந்தது. படித்த பிறகு ஒரு மூட்டையையும் பார்க்க முடியவில்லை.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். டிஸ்க் வந்ததும் மகாராணிதான் அட்டையைப் பிரிப்பாள். பெட்டியைத் தினத்தாளில் சுற்றி வைத்துவிட்டு வெறும் தட்டை மட்டும் என் கையில் தருவாள். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன். யார் வேலை என்று தெரிந்தால் மார்க் கோணும். இருபது வருடமாக இது எனக்குச் சட்டம், வீட்டில் உள்ளவளுக்கும் சட்டம். அதனால் இது காளியின் வேலை என்று எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்தேன். அதே மூன்றுதான் போட்டிருப்பேன். அந்தக் கையெழுத்து வாக்கியத்தை மட்டும் எழுதியிருக்க மாட்டேன். அதற்கு வருந்துகிறேன்.

நீங்கள் கேட்டபடி மறுபடியும் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அறையை இருட்டாக்கி, ஏழடி தள்ளி, கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். வெளுப்பு வெளுப்புதான். தோட்டத்தில் நிற்கிற பெண்களின் முகத்தில் ரத்தம் இல்லை. உங்கள் டி.வி.யில் நன்றாகத் தெரிகிறது என்பீர்கள். உங்கள் டி.வி. கடையிலிருந்து வந்த நாளில் என்ன பளபளப்பில் இருந்ததோ அதே பளபளப்பில்தான் இன்னும் ஓடுகிறது. அதில் வைக்கோலும் பச்சையாகத்தான் தெரியும். அதை 'சினிமா' என்ற இடத்தில் வைத்துப் பாருங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்?

தேனி, கம்பம், மதுரை என்று நாலு ஊர்க்காரர்கள் என் மார்க்கை நம்பிக் காசு கொடுத்து டிஸ்க் வாங்குகிறார்கள். மருமகள் என்பதற்காக மூன்றை ஏழாக்கினால் நாளைக்கு நான் எழுதுவதை யார் மதிப்பார்கள்?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். காளி நிறம் பார்க்கிற வேலைக்குப் போயிருக்கிறாள் என்று என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? பத்து வயதிலிருந்து லீவுக்கு லீவு என் மாடி அறையில் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த பிள்ளை. உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கட்டும். அவளுக்கு மாமா இல்லாமல் போய்விட்டேனா?

முத்துக்கண்ணன்

*

எஸ்டேட் ஸ்டோர்
17.8.2025

மாப்ளே,

டி.வி.யை 'சினிமா'வுல வச்சேன். லைட்டை அணைச்சேன். ஜன்னல்ல சாக்கைத் தொங்கவிட்டேன். நீ சொல்ற அத்தனை சடங்கும் முடிச்சுட்டுத்தான் பார்த்தேன். காய் எடுக்குற பாண்டியம்மாள் உன் அக்காவைப் பார்க்க வந்திருந்தா. அவளையும் உக்கார வச்சேன். இது யார் வேலை, எதுக்காகப் பார்க்குறோம்னு ஒண்ணும் சொல்லலை. தோட்டம் வர்ற காட்சியில அவளாவே சொன்னா:

"இது மழை விட்ட மறுநா எல அண்ணே. இந்தப் பச்சை வேற நாள்ல வராது."

வெளியே போய் ஒரு இலையை ஒடிச்சுக் கொண்டாந்து திரைக்குப் பக்கத்துல பிடிச்சேன். எங்களுக்கு வித்தியாசம் தெரியலை. எனக்கு உன் அளவுக்குக் கண்ணு இல்லைன்னு வச்சுக்கோ. பாண்டியம்மாளுக்குமா இல்லை? முப்பது வருசமா அந்தச் செடிக்கு அடியிலேயே குனிஞ்சு கிடக்குறவ அவ.

அப்புறம் உன் பழைய இதழையெல்லாம் எடுத்து வச்சுப் படிச்சேன். வாங்காம இருந்திருப்பேன்னு நினைச்சியா? ஒண்ணு விடாம இருக்கு. போன வருசம் ஏப்ரல்ல ஒரு டிஸ்க்குக்கு "லேசான வெளிறல்"னு எழுதியிருக்கே. ஆடியில வந்த இதழ்ல "நல்ல வெளிறல்". தையில "சாயம் போன சேலை". இப்போ வைக்கோல். எல்லாம் வேற வேற கம்பெனி, வேற வேற மொழி. அத்தனை பேரும் கூடிப் பேசியா கெடுப்பாங்க? பச்சைச் சாயத்தை வாளியில ஊத்தின மாதிரி ஒரு பேய்ப்படம் வந்துச்சே, அதுக்கு மட்டும் ஒன்பது போட்டிருக்கே. எனக்கு அதைப் பார்த்துக் கண்ணு வலிச்சுது.

ஒலிக்கு எட்டாம். நாப்பத்தோராவது நிமிசத்துல ஜீப்பு வலப்பக்கம் வளைஞ்சு போகுது. சத்தம் பின்னால இடது ஸ்பீக்கர்ல போகுது. ஓடையும் அப்படித்தான், கண்ணுக்கு ஒரு பக்கம் காதுக்கு ஒரு பக்கம். இது உனக்குக் கேக்கலை. ஆனா பொங்கலுக்கு உன் மாடியில பதினஞ்சு பேருக்கு முன்னால என்னை என்ன சொன்னே? "காய் உலர்த்துற ஸ்டோர் ஃபேன் சத்தத்துல மச்சான் காது அவிஞ்சுபோச்சு, ஒலிக்கும் இனிமே நானே மார்க் போட்டுக்கிறேன்"னு சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. என் மகளும் அங்கேதான் காபித் தட்டோட நின்னா. அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல படம் முத்துக்கண்ணன், ஒலி அருள்பாண்டின்னு ரெண்டு பேர் இருந்துச்சு. பத்து வருசம் இருந்துச்சு. அடுத்த மாசம் ஒரு பேர்தான் இருந்துச்சு. உன்கிட்ட ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு கேட்டியே, இதான்.

செப்டம்பர் பத்துக்கு இருபத்தி நாலு நாள் இருக்கு. ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லு. உன் டி.வி.க்கு நீ எதை வச்சுக் கலர் செட் பண்றே?

அருள்பாண்டி

*

போடி
24.8.2025

மச்சான்,

இருபது வருடத்தில் இந்தக் கேள்வி கேட்கிற முதல் ஆள் நீங்கள். உங்களுக்கே தெரிந்த விஷயம். இருந்தாலும் விளக்கமாகவே எழுதுகிறேன், பிறகு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

கலர் அளக்கிற மெஷின் வாங்க எனக்கு வசதி இல்லை, தேவையும் இல்லை. திரைக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள உருட்டு ஏலக்காய் ஒரு பிடி, நீங்கள் அனுப்பியது. அதன் மேல் எப்போதும் எரிகிற வெள்ளை விளக்கு ஒன்று. மாதம் பிறந்ததும் சோதனை டிஸ்க்கைப் போட்டு, அதில் வருகிற பச்சைக் கட்டத்தைத் திரையில் நிறுத்துவேன். கிண்ணத்துக் காயும் கட்டமும் ஒன்றாகத் தெரிகிற வரைக்கும் கலர் எண்ணை ஏற்றி இறக்குவேன். எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வேன். மெஷினை நம்புகிறவன் நம்பட்டும். ஏலக்காய்ப் பச்சையை நான் என் கண்ணால் அறிவேன். இந்த வட்டாரத்தில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. போன வருடம் ஜனவரியில் கலர் எண் 52. மார்ச்சில் 50. ஜூனில் 47. டிசம்பரில் 42. இந்த மாதம் 36. டி.வி. பழசாகப் பழசாகத் தானாகவே நிறத்தைக் கூட்டிக் காட்டுகிறது. மாதாமாதம் நான் அதை அடக்கி வைக்கிறேன். நீங்கள் அடக்கி வைப்பதில்லை, அதனால் உங்களுக்கு எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கிறது. இதற்கு மேல் என்ன சொல்ல?

ஜீப்பு விஷயம் பார்த்தேன். என் பின் ஸ்பீக்கர் வயரை எலி கடித்திருக்கலாம். பார்க்க வேண்டும்.

பொங்கல் பேச்சு விளையாட்டுக்குச் சொன்னது. பத்தொன்பது மாதம் சுமக்கிற அளவுக்கு அதில் கனம் இல்லை என்று நினைத்தேன். காபித் தட்டை நான் கவனிக்கவில்லை.

மார்க்கை மாற்ற மாட்டேன். காளியிடம் இன்னும் நன்றாகச் செய்யச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

முத்துக்கண்ணன்

*

எஸ்டேட் ஸ்டோர்
28.8.2025

மாப்ளே,

பெட்டியில டிஸ்க்குக்குப் பதிலா ஒரு கறுப்புப் பொட்டலம் இருக்கும். போன வாரம் எடுத்து, முந்தாநாள் ஸ்டோர்ல இருந்து இறக்கின காய். எட்டு மில்லிதான். அதை உன் கிண்ணத்துக் காய்க்குப் பக்கத்துல வை. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.

முன்னெல்லாம் ஒவ்வொரு காய் எடுப்புக்கும் உனக்கு ஒரு பிடி வந்துக்கிட்டே இருக்கும். எடுப்பு இல்லாத மாசத்துக்கும் கறுப்புப் பையில கட்டி வச்சது வரும். கடைசியா உனக்கு எப்போ அனுப்பினேன்னு உன் நோட்டுல இருந்தா பாரு. பொங்கலுக்கு முந்தின மாசம். அதுக்கப்புறம் நான் அனுப்பலை. நீயும் கேக்கலை.

நீ காய் யாவாரத்துல இருக்கிறவன். இதுக்கு மேல நான் எழுதினா உனக்கு மரியாதையா இருக்காது.

பத்தாம் தேதியை மறந்துடாதே.

அருள்பாண்டி

*

போடி
15.9.2025

மச்சான்,

பொட்டலம் 29ஆம் தேதி காலையிலேயே வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி பக்கத்தில் வைத்தேன். புதுக் காய் பச்சை. கிண்ணத்துக் காய் காய்ந்த மட்டை நிறம்.

கிட்டங்கியில் எவனாவது அந்தக் காயை மூட்டையில் கலந்து கொண்டுவந்திருந்தால் கையை விட்ட உடனேயே தூக்கி வெளியே போட்டிருப்பேன். வெளிச்சம் பட்டால் காய் வெளுக்கும், அதனால்தான் கறுப்புப் பையில் கட்டுகிறோம் என்பது மூட்டை தூக்கக் கூலிக்கு வருகிற ஆளுக்கும் தெரியும். மாடியில் மட்டும் அது எனக்குக் காயாகவே தெரியவில்லை, அளவுகோலாகத் தெரிந்தது. அளவுகோல் மாறும் என்று எவன் நினைப்பான்? பகலும் ராத்திரியும் விளக்கைப் போட்டு நானே அதை வெளுக்க வைத்து, அது வெளுக்க வெளுக்க டி.வி.யையும் கூடவே இறக்கி, அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பதினோரு நாள் அந்த அறைக்குள் போகவில்லை. போனால் டி.வி.யைத் திருத்த வேண்டும். திருத்தினால் டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும். மகாராணி இரண்டு தடவை கேட்டாள், எரிந்து விழுந்தேன். 9ஆம் தேதிதான் புதுக் காயை வைத்துத் திருத்தினேன். எண் 52ல் போய் நின்றது. காளியின் படத்தைப் போட்டேன். அந்தத் தோட்டம் வந்ததும் நிறுத்தினேன். பாண்டியம்மாள் சொன்னது சரி. மழை விட்ட மறுநாள்தான்.

போனில் சொல்கிற தைரியம் இல்லை. 11ஆம் தேதி சென்னைக்குப் பஸ் ஏறினேன். 12ஆம் தேதி கம்பெனிக்குள் நுழைந்தேன். அடுத்த படத்தை 10ஆம் தேதியே வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கே பெரியவராக இருக்கிறவரிடம் கிண்ணம், விளக்கு, நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏலக்காயை வைத்தா டி.வி. செட் பண்ணுவீர்கள் என்று கேட்டார். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பதினைந்து பேருக்கு முன்னால் நான் உங்களுக்கு வாங்கித் தந்த சிரிப்பை விட இது குறைவுதான். திருத்தம் அச்சில் வரட்டும், அதற்கப்புறம் அடுத்த வருடம் யோசிக்கலாம் என்றார். அதுவரைக்கும் காளிக்குப் பழைய வேலைதான், தூசியும் கீறலும்.

அவள் அறைக்குப் போனேன். மேசையில் அரை லட்ச ரூபாய் பெறுகிற கலர் மெஷின் இருந்தது. அதற்குப் பக்கத்தில், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஒரு பிடி காய். மூடியில் உங்கள் கையெழுத்தில் தேதி. எடுப்புக்கு எடுப்பு அப்பா அனுப்புவார் என்றாள். எனக்கு வராத காய் இத்தனை நாளும் எங்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் அதை இருட்டில் மூடி வைத்திருக்கிறாள். நான் செய்யாததை அவள் செய்திருக்கிறாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பாக்கக் கத்துக்கொடுத்ததே நீங்கதான மாமா. நீங்க மூணு போட்டதும் நான் உங்களச் சந்தேகப்படல. எங் கண்ணத்தான் சந்தேகப்பட்டேன்."

மச்சான், இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போடி வரைக்கும் வந்தேன். பதினோரு நாள் முன்னால் போயிருந்தால் அந்தப் படம் அவளுடையது. என்னை நீங்கள் என்ன சொன்னாலும் தகும்.

அக்டோபர் இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். போன வருட ஏப்ரலுக்கு முந்திய இரண்டையும் சேர்த்துப் பதினேழு டிஸ்க்கின் பட மார்க்கை ரத்து செய்திருக்கிறேன். காரணத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். காளியின் படத்துக்கு ஒன்பது. ஒன்பதுதான், பத்து இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு இடத்தில் வானம் கொஞ்சம் கூடுதல் நீலம், அவளிடமும் சொன்னேன். ஒத்துக்கொண்டாள்.

வயரை எலி கடிக்கவில்லை. வயர் சரியாகவே இருக்கிறது. நீங்கள் சொன்ன ஜீப்பு டிஸ்க்கிலேயே தப்பாக ஏறியிருக்கிறது. இத்தனை நாள் எனக்குக் கேட்கவே இல்லை. நான் போட்ட எட்டை அடித்துவிட்டேன். ஒலி என்ற இடத்தைக் காலியாக விட்டு, ஆசிரியரிடம் இருபத்தைந்தாம் தேதி வரைக்கும் அவகாசம் கேட்டிருக்கிறேன். அங்கே உங்கள் பெயர் வர வேண்டும். வரும் பொங்கலுக்கு அதே பதினைந்து பேரையும் மாடிக்குக் கூப்பிடுகிறேன். நீங்களும் அக்காவும் வந்தால் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். வராவிட்டாலும் சொல்வேன்.

கிண்ணத்துக் காயைத் தட்டி டீயில் போட்டுக் குடித்தேன். மணமே இல்லை.

முத்துக்கண்ணன்

*

எஸ்டேட் ஸ்டோர்
21.9.2025

மாப்ளே,

உன் கடுதாசியை உன் அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அழுதா. காளிக்காக அழுதாளா, உனக்காக அழுதாளான்னு நான் கேட்டுக்கலை.

சென்னைக்குப் போனது சரி. பதினேழையும் அடிச்சதும் சரி, அதுக்கு ஒரு தைரியம் வேணும். ஆனா அந்தப் பதினோரு நாளை என்னால விழுங்க முடியலை. பொட்டலத்தைக் கொடுத்து விட்டுட்டு நானும் உன் அக்காவும் தினமும் பால்சாமி ஜீப்பு ஹாரனுக்காகக் காத்துக்கிட்டு நின்னோம். பத்தாம் தேதி சாயங்காலமும் நின்னோம். பொங்கலுக்கு வர்றதா இல்லையான்னு இப்போ சொல்ல மாட்டேன்.

ஒலிக்கு என் பக்கம் இதோட இருக்கு. ரெண்டு தடவை இங்கே கேட்டேன், ஒரு தடவை ஸ்டோர் ஃபேனை நிறுத்திட்டுக் கேட்டேன். பேச்சு தெளிவா இருக்கு, நடுவுலேயே நிக்குது. மழை நல்லாப் பரவுது. வூஃபர் இடியில அளவா இருக்கு. ஆனா பின் ஸ்பீக்கர் ரெண்டும் மாறிக் கிடக்கு, படம் முழுக்க அப்படித்தான். யாரோ வயரை மாத்திச் சொருகிட்டுக் கேட்டுக்கூடப் பார்க்காம அனுப்பியிருக்கான். ஓடைக்குப் பக்கத்துல நின்னு வளர்ந்தவனுக்கு அது தாங்காது. அஞ்சு மார்க். ஒலி காளி வேலை இல்லை. அவ வேலையா இருந்தாலும் ஆறு போட்டிருக்க மாட்டேன். இதை அப்படியே அச்சுல போடச் சொல்லு, ஒரு எழுத்தும் குறைக்க வேண்டாம்.

கூட ஒரு கறுப்புப் பொட்டலம் இருக்கு. டப்பாவும் உன் அக்கா கொடுத்து விட்டிருக்கா, மூடி போட்டது. அளக்குற நேரத்துக்கு மட்டும் விளக்கைப் போடு. மேலே தேதி எழுதியிருக்கேன். நாப்பத்தஞ்சு நாளைக்கு மேல அந்தக் காயை நம்பாதே. அதுக்குள்ள அடுத்த எடுப்பு வந்துடும்.

அருள்பாண்டி